ஐஸ் உருகும்போது வாசிப்பவன்

முத்தந்துறையில் ஐஸ் கட்டிகள் கிட்டார் வாசிக்கத் தொடங்கிய சித்திரை மாதத்தில் அதைக் கேட்டு முதன்முதலாகக் கோபப்பட்டவள் மீன்காரி பிரகாசிதான், ஏனென்றால் அன்று காலை சந்தையில் அவள் ஒரு பெரிய சீலா மீனுக்கு விலை சொல்லி வாயை மூடுவதற்குள், மீனுக்கு அடியில் உடைத்துப் பரப்பியிருந்த ஐஸிலிருந்து, யாரோ நங்கூரச் சங்கிலியை வானத்தின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது போலவும், இழுத்த வேகத்தில் அந்தச் சங்கிலிக்கே சிரிப்பு வந்துவிட்டது போலவும் ஒரு சத்தம் எழும்பி, விலை கேட்டவரின் காதில் அவள் சொன்ன விலை விழாமலே போய்விட்டது.

"ஏளா அமலோற்பவம், அந்தப் போனை அமத்து. இங்க ஆளு விலை கேக்காங்கல்லா" என்று அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கிட்ட ஏது போனு? அது வீட்டுல சார்ஜுல கெடக்கு. சத்தம் உன் மீனுக்கு அடியில இருந்துல்லா வருது" என்றாள் அமலோற்பவம்.

விலை கேட்டவர் குனிந்து சீலாவின் வாயருகே காதை வைத்துப் பார்த்தார், பிரகாசி மீனைத் தூக்கி ஓரமாக வைத்தாள், பிறகு ஐஸில் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள், அது உருக உருக அந்தச் சத்தம் அவள் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கைக்கு வந்து அங்கிருந்து சொட்டி, சொட்டிய இடத்தில் ஒரு கணம் நின்று துடித்து அடங்கியது. அவள் இன்னொரு துண்டை எடுத்தாள், அதன்பின் இன்னொன்றை, அந்தச் சீலாவை யார் வாங்கிப் போனார்கள் என்பது இன்றைக்குவரை அவளுக்கு ஞாபகமில்லை.

ஐஸ் உறைந்திருக்கும்வரை ஊமையாக இருக்கும், உருகும்போதுதான் வாசிக்கும் என்பதை அந்த வாரத்துக்குள் ஊரே தெரிந்துகொண்டது. சர்பத்தில் மிதக்கும் துண்டு ஒரு மிடறு அளவுக்கு வாசித்தது, கையளவுத் துண்டு ஒரு பாட்டின் இடுப்புப் பகுதியை மட்டும் வாசித்தது, தூளாக உடைத்த ஐஸோ கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது போலக் கலந்துகட்டிக் கத்தியது, ஆகவே மீன்காரிகள் ஐஸை அடித்து நொறுக்குவதை விட்டுவிட்டு, தேங்காய் உடைப்பது போல ஓர் இடம் பார்த்துத் தட்டிப் பதமாகப் பிளக்கப் பழகினார்கள். முழு ஐஸ் பார் ஒன்றை யாரும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டதில்லை, ஏனென்றால் ஒரு முழு பாரை வெயிலில் வைத்து வீணாக உருகவிட்டுக் காது கொடுக்கும் அளவுக்கு மீன்பிடித் துறையில் யாருக்கும் மனம் வராது.

பனி என்பதைக் கண்ணால் பார்க்காமலே பனிமய மாதாவுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டு வந்த ஊர் அது, ஆகவே பனியிலிருந்து ஒரு சங்கதி வந்தால் அதைப் பற்றி மாதாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பங்குச்சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டபோது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஐஸ் ஒற்றடம் வைத்துப் படுத்திருந்த சாமியார் கண்ணைத் திறக்காமலே, பூசை நேரத்தில் கோயிலுக்குள் ஐஸ் கொண்டுவரக் கூடாது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார், அவருடைய கால் பெருவிரல் போர்வைக்கு வெளியே தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்கப் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சர்பத் கடையில் "பாட்டோடவா, சும்மாவா?" என்று கேட்டுவிட்டே டம்ளரை எடுத்தார்கள். கடலுக்குப் போன விசைப்படகுகளின் அடிவயிற்றில் ஐஸ் கசியும்போதெல்லாம் ஓங்கல் என்று ஊர் சொல்லும் டால்பின்கள் கூட்டமாக வந்து படகோடு ஒட்டி நீந்தின. கிழவர் இன்னாசி இறந்துபோய், உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை உடம்பைச் சுற்றி ஐஸ் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கிட்டார் துள்ளிக்கொண்டு கிளம்ப, வெட்கப்பட்ட மகன் ஐஸை எடுத்துவிடச் சொன்னான். ஆனால் கிழவரின் மனைவி, "இருக்கட்டும் மக்கா, அறுவது வருசத்துல உங்க அப்பா எங்கூட ஒரு நாளாவது ஆடிருக்காரா, இப்பமாவது கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள், ஒப்பாரி வைத்த பெண்களும் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டுப் பிறகு அந்தக் கிட்டார் மேலே ஏறும் இடத்தில் தாங்களும் மேலே ஏறி, அது இறங்கும் இடத்தில் மாரடித்து, அப்படியொரு அழுகை அந்தத் தெருவில் அதற்கு முன் அழப்பட்டதில்லை என்று பேர் வாங்கினார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சங்கடத்தில் மாட்டிக்கொண்டவன் ஒருவன் மட்டும்தான், அவன் பிரகாசியின் புருஷன் கயித்தான்.

கயித்தான் ஊர் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் ஓட்டுகிறவன், கிணற்றுத் தண்ணீரைத் தகர டப்பாக்களில் நிரப்பி, உப்புநீர்த் தொட்டியில் இறக்கி, பாராக உறைய வைத்து எடுப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவனும் அவன்தான், முத்தந்துறையில் கிட்டார் என்று இருந்தது அது ஒன்றுதான், அதில் அவனுக்குத் தெரிந்த விரல்பிடிகள் மூன்றுதான் என்றாலும் அந்த மூன்றைக் கொண்டே ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், கோயில் அசன விருந்து என்று ஊரின் நல்லது கெட்டது அத்தனையையும் அவன் இளவட்டத்திலிருந்து தாங்கி வந்திருந்தான். வேலையில் ஓய்வு கிடைக்கும்போது தொட்டியின் மரப்பலகை மூடிமேல் உட்கார்ந்து அவன் வாசித்துப் பழகுவதும் உண்டு, ஆகவே ஐஸ் வாசிக்கிறது என்ற செய்தி பரவியதுமே ஊர் தன் கணக்கைப் போட்டுவிட்டது: கயித்தான் வாசித்தது தண்ணீரில் இறங்கி உறைந்திருக்கிறது.

"நான் இல்லப்பா" என்றான் கயித்தான்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்" என்றார்கள்.

"சத்தியமா நான் இல்ல. எனக்கு இது வராது."

"வராதுன்னு சொல்லுதவனுக்குத்தான்வே எல்லாம் வரும்" என்றார் வாலிபர் சங்கத் தலைவர், கோயில் முற்றத்தில் நாலு பேர் முன்னால் அவனுக்கு ஒரு பொன்னாடையும் போர்த்திவிட்டார். பேதுரு இயேசுவை மறுதலித்ததைவிட அதிகமாகக் கயித்தான் மறுதலித்தான், ஒருவரும் நம்பவில்லை. நம்பியவள் பிரகாசி ஒருத்திதான், அவளுக்குத் தன் புருஷனின் விரல் போகும் தடமெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டே தெரியும், முதல் துண்டு கையில் உருகியபோதே இது வேறு ஆள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று, ஆனால் அதை எப்படிச் சொன்னாலும் அவனுக்கு வலிக்கும் என்று சொல்லாமல் இருந்தாள்.

அதுவரை கயித்தான் அந்த வாசிப்பைக் கேட்டது ஒரே ஒரு தடவை. பிளான்ட்டில் கம்ப்ரசர் போடும் இரைச்சலில் எதுவும் கேட்காது, அதனால் ஊரே கேட்டு முடித்த பிறகுதான், ஒரு நாள் மதியம் பிரகாசி கொடுத்த மோர் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது உள்ளே மிதந்த துண்டிலிருந்து ஐந்தாறு சுரங்கள் கிளம்பி அவன் மூக்கில் மோதின. ஒரே ஒரு தந்தியை ஒருவன் மேலே தள்ளிக்கொண்டே போகிறான், போகிறான், இதற்குமேல் தந்தி தாங்காது என்ற இடத்தையும் தாண்டிப் போகிறான், அங்கே போய் அந்தச் சத்தத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான், துண்டு கரைந்துவிட்டது. கயித்தான் டம்ளரைக் கீழே வைத்தான். அன்றிலிருந்து கத்திரி வெயிலிலும் வெந்நீர்தான் குடித்தான்.

வைகாசியில், கப்பலில் சமையல்காரனாக உலகத்தைச் சுற்றிவிட்டு விடுமுறைக்கு வந்த பொனிப்பாஸ் சர்பத் கடையில் உட்கார்ந்து நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, தேள் கொட்டியவன் போல எழுந்து நின்றான்.

"இது யாருன்னு தெரியுமாவே உங்களுக்கு? ரூஃபஸ் டேலுவே! ரூஃபஸ் டேல்!"

கடையில் இருந்தவர்கள் அவன் டம்ளரையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ராக் கிட்டாரு. மரம் அறுக்குற ஊருல ஆத்தங்கரையில பொறந்தவன். கப்பல்ல எங்கூட இருந்த இஞ்சின்காரப் பயலுவ எல்லாவனும் இவன் பேரச் சொன்னா நெஞ்சுல கைய வச்சுக்கிடுவானுவ. ஒத்தத் தந்திய வச்சே ஆளை அழ வச்சிருவான். செத்து நாளாச்சுவே. உறஞ்சு கெடந்த ஏரி மேல நடந்து போனான், பனி ஒடஞ்சு உள்ள போயிட்டான், ஆளும் கெடைக்கல, கையில இருந்த கிட்டாரும் கெடைக்கல."

அங்கே கூடிவிட்ட பெண்கள் அதைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள்.

"குளிரு தாங்காம இங்க வந்துருப்பான், பாவம்" என்றாள் அமலோற்பவம், ஒரு வெள்ளைக்காரன் எங்கோ ஓர் ஏரியில் மூழ்கி முத்தந்துறைக் கிணற்றில் வந்து ஏறியதற்கு அதற்குமேல் ஒரு விளக்கம் ஊருக்குத் தேவைப்படவில்லை, பனிமய மாதா கைபிடித்துக் கூட்டி வந்திருப்பாள் என்று முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் கயித்தான் விஷயம் அப்படி லேசாக முடியவில்லை. அவன் கேட்காத புகழை அவனுக்குக் கொடுத்த ஊர், அவன் எடுக்காத அந்தப் புகழை அவனிடமிருந்து பறித்துக்கொண்டது. "அவருக்கு மூணு பிடிதானப்பா தெரியும், நம்மதான் ஏமாந்துட்டோம்" என்றார்கள், சிலர் "நம்மள ஏமாத்திட்டாரு" என்றே சொன்னார்கள். பொன்னாடையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் வாலிபர் சங்கத் தலைவர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னாடை கிடந்த தோளையே பார்த்தார். அடுத்த ஞாயிறு பூசையில் அவன் வாசித்தபோது பின்பெஞ்சில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவி கிட்டாரின் வட்டத் துளைக்குள் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது போலிருந்தது கயித்தானுக்கு. வீட்டுக்கு வந்து கிட்டாரை ஆணியில் மாட்டினான், அதன்மேல் இடுப்பில் கட்டிக் கிழிந்த ஒரு பழைய சாரத்தைப் போட்டு மூடினான், பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் இரண்டு விதமாக இருந்தார்கள். பிரகாசி விடியுமுன்னே சந்தைக்கு ஓடினாள், ஐஸ் வண்டி வந்ததும் நல்ல துண்டாக எடுத்து மடிக்கருகே வைத்துக்கொண்டு, மீன் அறுக்கும் கத்தியைத் தொடையில் தட்டித் தட்டி ரூஃபஸ் டேலைக் கேட்டாள். அதற்கு முன் அவள் எந்தப் பாட்டையும் பாட்டு என்று உட்கார்ந்து கேட்டவள் இல்லை, சமையலுக்கு நடுவே, பூசைக்கு நடுவே, தூக்கத்துக்கு நடுவே காதில் விழுந்ததைக் கேட்டவள். இதை அவள் தேடிப் போய்க் கேட்டாள். அவன் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது அவளுக்குள் சின்ன வயதில் கடலில் முங்கி மூச்சடக்கி, மேலே வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்த அந்த உணர்ச்சி வந்தது.

"ஏட்டி, அவனையே கட்டிக்கிட்ட மாதிரில்லா சிரிக்க" என்றாள் அமலோற்பவம்.

"போளா அங்கிட்டு" என்றாள் பிரகாசி, ஆனால் வீட்டுக்குப் போகுமுன் கையைக் கழுவும்போது, ஏதோ களவு செய்தவள் போல ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவினாள்.

வீட்டில் கயித்தான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைந்துவிட்டது. குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான், அதுதான் பிரகாசிக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் உப்புக்குச் சண்டை போடாத கயித்தானை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்கிடையில் கேரளாவுக்கு மீன் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டில் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, பாட்டுச் சத்தத்தைக் குறை என்கிறார்கள், எதைத் திருகிக் குறைப்பது என்று கேட்டார்கள். இதைக் காதில் வாங்கிய கயித்தான் நேராகப் பிளான்ட் முதலாளி வில்பிரட் கொறேராவிடம் போய், கிணற்றை மூடிவிட்டு டேங்கர் லாரியில் ஆற்றுத் தண்ணீர் வாங்கி ஐஸ் போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்றான். முதலாளி சாதுவான மனிதர், லாரிக்காரர்களுக்கும் சத்தத்துக்கும் பயந்தவர், "நீரு சொன்னாச் சரிதான்வே, திங்கக்கிழமையில இருந்து செஞ்சிருவோம்" என்றார்.

அந்தச் செய்தி சனிக்கிழமை சந்தைக்கு வந்தது. பிரகாசி விற்றுக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கயித்தான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"கிணத்த அடைக்கச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"லாரிக்காரவுகளுக்குத் தொந்தரவா இருக்காம்."

"லாரிக்காரவுகளுக்காக நீங்க என்னைக்குப் பேசியிருக்கிய?"

கயித்தான் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே மறுபடியும் பிசைந்தான். பிறகு தலையைத் தூக்காமலே, "உனக்கு அவன் வாசிக்கது பிடிச்சிருக்கு, என்ன?" என்றான்.

பொய் சொல்லிவிடலாம் என்று பிரகாசிக்குத் தோன்றியது, சொல்ல வாயும் திறந்தாள், ஆனால் வந்தது உண்மைதான். "ஆமா. ரொம்பப் பிடிச்சிருக்கு."

"என்னை விட."

"ஆமா."

வெளியே காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. கயித்தான் சிரித்தான், அது நல்ல சிரிப்பு இல்லை.

"நானும் அஞ்சாறு சுரம் கேட்டேன் பிரகாசி. அதுக்கு மேல கேட்டா நான் கிட்டாரக் கையால தொட்டதே தப்புன்னு ஆயிருமோன்னு பயந்துட்டேன். இவ்வளவு காலமும் இந்த ஊரு முன்னால நான் என்ன செஞ்சிட்டு இருந்தேன்னு தோணிருச்சு."

பிரகாசி அவன் எதிரில் உட்கார்ந்தாள். "அஞ்சாறு சுரத்தக் கேட்டுட்டு ஒருத்தனக் கொல்லாதிய. நாளைக்கு முழுசா ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு, அப்பவும் அடைக்கணும்னு தோணுனா அடைங்க, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் அவள் மீன் வண்டியில் ஒரு முழு ஐஸ் பாரைச் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் மீன் அலசும் பெரிய அலுமினியத் தொட்டியில் இறக்கினாள். கயித்தான் தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டு, பல் பிடுங்க வந்தவன் போல உட்கார்ந்தான். வெயில் முருங்கை இலைகளுக்குள் புகுந்து ஐஸின் முதுகைத் தொட்டது.

முதலில் வந்தது ஓர் இருமல். பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முறுக்கி, ஒன்று அதிகமாகி, தளர்த்தி, மறுபடி முறுக்கும் சத்தம், கயித்தான் ஒவ்வொரு ஞாயிறும் பாடகர் குழு பெஞ்சில் செய்கிற அதே வேலை, அதே பொறுமையின்மை. துண்டு துண்டாகக் கேட்டவர்கள் யாருக்கும் இது கிடைத்திருக்கவில்லை. கயித்தான் ஸ்டூலை ஓரடி முன்னே இழுத்துப் போட்டான்.

அதன்பின் ரூஃபஸ் டேல் தொடங்கினான், தொடங்கியவன் அவசரப்படாமல், வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவன் போலக் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, ஊரைத் தாண்டி, காட்டைத் தாண்டி, அறுத்துப் போட்ட மரங்களின் வாசனை அடிக்கும் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து, அங்கே அந்த ஒற்றைத் தந்தியை மேலே தள்ளத் தொடங்கினான், தள்ளித் தள்ளி அது பிள்ளையைத் தொலைத்த தாய் கூப்பிடுவது போலவும், தொலைந்த பிள்ளை அங்கிருந்து பதில் சொல்வது போலவும் ஆகி, முருங்கை மரத்தில் இருந்த அணில் பாதி மரத்தில் நின்றது, பிரகாசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அந்த உச்சியில், டங்கென்று தந்தி அறுந்தது.

கயித்தான் எழுந்துவிட்டான். "அறுந்திருச்சு!" என்றான், தன் கையில் அறுந்தவன் போல.

ஐஸுக்குள் ரூஃபஸ் டேல் சிரித்தான். ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான், கெட்ட வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். பிறகு மிச்சமிருந்த தந்திகளை வைத்துக்கொண்டு, போகவேண்டிய இடத்துக்கு வேறு வழியாகப் போனான், நடுவில் ஒரு தப்பும் விட்டான், அந்தத் தப்பைத் திருத்தாமல் இன்னொரு தடவை வேண்டுமென்றே விட்டு அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டான். கயித்தானும் சிரித்துவிட்டான், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான், வைகாசியிலிருந்து அவனுக்குள் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று அந்த அலுமினியத் தொட்டிக்குள் தானும் இறங்கிக் கரைந்தது.

அப்போது திடீரென்று ஐஸ் வாசிப்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் வெறும் சொட்டுச் சத்தம், பிறகு மறுபடி கிட்டார், மறுபடி சும்மா.

"தீந்துருச்சா?" என்றாள் பிரகாசி.

"இல்ல இல்ல, இரு." கயித்தானின் இடக்கை விரல்கள் அவன் தொடையில் தாமாக ஒரு பிடி பிடித்தன, மாறி இன்னொரு பிடி பிடித்தன. "இவன் தனியா வாசிக்கல பிரகாசி. பக்கத்துல இன்னொரு கிட்டாரு இருந்திருக்கு. இவன் விடுற எடத்த அவன் தாங்கியிருக்கான். இவன் மட்டும் ஐஸுக்குள்ள வந்துட்டான், தாங்குனவன் வரல. இந்தா, இந்த எடம் அவனோடது, கேட்டியா? காலியாக் கெடக்கு, யாராவது வருவான்னு பாத்துட்டு இருக்கான்."

"அப்ப நீங்க போங்க" என்றாள் பிரகாசி.

அவன் உள்ளே ஓடிச் சாரத்தை உருவி எறிந்துவிட்டுக் கிட்டாரோடு வந்தான், உப்புக்காற்றில் தந்திகளில் துரு ஏறியிருந்தது, ஐஸின் சுருதிக்குச் சேர்ப்பதற்குள் ஒரு பாட்டு போய்விட்டது, முதல் வெற்றிடத்தில் தப்பாகப் புகுந்தான், இரண்டாவதில் பிந்திப் புகுந்தான், அடுத்து வந்ததில் அவனுடைய அந்தப் பழைய மூன்று பிடிகளும், கட்டுமரத்தின் மூன்று மரங்கள் போல ஒன்றோடொன்று சேர்ந்து ரூஃபஸ் டேலின் அடியில் போய் நிற்க, டேல் அதன்மேல் கால்வைத்து ஏறி நின்றுகொண்டு இன்னும் உயரமாகப் போனான். பார் உருகி, தொட்டி நிரம்பி, கடைசிச் சில்லு மிதக்கும்போது வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலைகள் வரிசையாக இருந்தன, ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

திங்கட்கிழமை காலை டேங்கர் வருமுன்னே கயித்தான் முதலாளி வீட்டு வாசலில் நின்றான். கிணற்றை அடைக்க வேண்டாம், லாரிக்குப் போகிற ஐஸை ஒரு தொட்டியில் ஆற்றுத் தண்ணீரில் போடலாம், ஊருக்கு வேண்டிய ஐஸை இன்னொரு தொட்டியில் கிணற்றுத் தண்ணீரிலேயே போடலாம், கூடுதல் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

"நீருதானவே அடைக்கச் சொல்லிக் கேட்டீரு?" என்றார் கொறேரா.

"நாந்தான் முதலாளி. கேக்காமலே கேட்டுட்டேன்" என்றான் கயித்தான்.

ஆடியில் பனிமய மாதா திருநாள் வந்தது. சப்பரம் தெரு சுற்றிக் கோயிலுக்குத் திரும்பி, மாதா தன் பீடத்தில் அமர்ந்த பிறகு, மைதானத்தில் கச்சேரி. மேடையில் ஒரு மீன் வண்டி, அதில் உமி போட்டு, ஈரச்சாக்கு மூடி, கிணற்றுத் தண்ணீர் ஐஸ் பார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கயித்தான், வெள்ளைச் சட்டையில். விசைப்படகுக்காரர்கள் அன்று கடலுக்குப் போகவில்லை, சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள், பொனிப்பாஸ் கப்பலுக்குத் திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு முன்வரிசையில் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

சாக்கை விலக்கினார்கள். ரூஃபஸ் டேல் இருமினான், சுருதி சேர்த்தான், கிளம்பினான், கயித்தான் கூடவே கிளம்பினான், ஒருவன் விட்ட இடத்தை ஒருவன் பிடித்து, பிடித்ததைத் திருப்பிக் கொடுத்து, தூண்டிலை வாங்கிக்கொண்டு ஓடும் மீனும் கயிறை விட்டுப் பிடிக்கும் ஆளும் போல அவர்கள் இருவரும் போக, முதலில் பிள்ளைகள் ஆடினார்கள், பிறகு வலை பின்னுகிறவர்கள் ஆடினார்கள், பிறகு சாமியாரின் தங்கை ஆடினாள், இன்னாசிக் கிழவரின் மனைவி தன் கம்பை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

மேடைக்குப் போட்டிருந்த பெரிய விளக்குகளின் சூட்டை யாரும் நினைக்கவில்லை. ஐஸ் உருகவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே உருகியது. பாட்டு உச்சியில் இருக்கும்போது டேல் ஓர் இடத்தை விட்டான், கயித்தான் அந்த இடத்தைத் தாங்கினான், தாங்கிக்கொண்டே டேல் வரவேண்டிய இடத்துக்குக் காது கொடுத்தான், வரவில்லை, இன்னொரு சுற்றுத் தாங்கினான், வரவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்தான். உருகிய தண்ணீரில் உமிதான் மிதந்துகொண்டிருந்தது.

மேடைக்குக் கீழே முதல் ஆளாக நின்ற பிரகாசியும் அதைப் பார்த்தாள். அவன் முகம் மாறியதையும் பார்த்தாள். ஐஸ் தீர்ந்தது தெரிந்தால் கூட்டம் ஐஸ் ஐஸ் என்று கத்தும், அவன் கை நின்றுவிடும், நின்றால் பிறகு எந்தத் திருநாளிலும் எழும்பாது என்று அவளுக்குத் தோன்றியது, யோசிக்க நேரமில்லாமல் மேடைமேல் ஏறி, வண்டிக்கு முன்னால் போய் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், சும்மா நின்றால் ஏன் நிற்கிறாள் என்று கேட்பார்களே என்று, முன்பின் ஆடியறியாத அந்த மீன்காரி காலைத் தூக்கி ஓர் அடி வைத்தாள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. கயித்தான் அவளைப் பார்த்தான். அவன் விரல்கள் மூன்றாவது பிடியிலிருந்து முதல் பிடிக்குத் திரும்பாமல், போகிற வழியில் ஒற்றைத் தந்தியில் தங்கி, அதை மெல்ல மேலே தள்ளின, தந்தி முனகியது, இன்னும் தள்ளினான், அது ரூஃபஸ் டேல் போன உயரத்துக்குப் போகவில்லை, பாதி வழியிலேயே ஓர் இடத்தில் நின்றது, ஆனால் நின்ற இடத்தில் அது வேறொன்றாக இருந்தது, நனைந்த உப்பும் டீசலும் காலை வெயிலும் கலந்து கரைக்கு வரும் படகின் சத்தம் போல இருந்தது, அவனே அதை அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே வாசித்தான்.

பிரகாசி அடுத்த அடியை வைத்தாள். அதற்கடுத்ததை வைக்கும்போது மறைப்பதற்காக ஆடுகிறோம் என்பது அவளுக்கு மறந்துபோய், முந்தானை கையைவிட்டுப் பறக்க, வண்டியிலிருந்து வழிந்த தண்ணீரில் வெறுங்காலால் சளப் சளப்பென்று மிதித்து, சுற்றிச் சுற்றி ஆடினாள்.